தோளேறிய நோலா: புரூக்ளின் ஜீலியோ திருவிழா குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில், வில்லியம்ஸ்பர்க் என்னும் வட்டாரத்தில், வடக்கு 8ஆம் தெருவும் ஹேவ்மேயர் தெருவும் சந்திக்கும் முனையில், கன்னி மரியாளின் பெயர்களில் ஒன்றைத் தாங்கிய கார்மேல் அன்னை ஆலயம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில், அன்னையின் திருநாளாகிய 16ஆம் தேதியை ஒட்டி, அந்த ஆலயத்தின் முன்னே தெருவில் ஒரு கோபுரம் எழுகிறது. உயரம் 70 அடிக்கு மேல். அதன் மேடையில் ஏறி நிற்கும் இசைக்குழுவையும் பாடகரையும் சேர்த்தால் எடை 3 முதல் 4 டன் வரை வரும். அதற்குச் சக்கரமும் இல்லை, வடமும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள் அதைத் தோளில் ஏற்றி, இசைக்கு ஏற்றபடி அசைத்து, சில அடி தூரம் நடத்தி, நின்ற இடத்திலேயே சுற்றித் திருப்பி, ஒரு கட்டளைக்கு ஒரே கணத்தில் தரையில் இறக்குகிறார்கள். இந்தக் கோபுரத்துக்கு ஜீலியோ என்று பெயர். இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்கு லில்லி மலர் என்பது பொருள்.

இத்தாலியப் பண்பாட்டை அயல்நாட்டாருக்கு எடுத்துக்காட்டும் முயற்சிகள் பல உண்டு. கவிஞர் ஜோசுவே கார்துச்சி முன்னின்று 1889இல் தொடங்கிய தாந்தே அலிகியேரி சங்கம் இன்றும் பல நாடுகளில் இத்தாலிய மொழி கற்பிக்கிறது. இத்தாலிய அரசு பெருநகரங்களில் பண்பாட்டு நிலையங்களை நடத்துகிறது. இவை காட்டும் இத்தாலி, தாந்தேயின் இத்தாலி, மறுமலர்ச்சி ஓவியங்களின் இத்தாலி, இசை நாடகங்களின் இத்தாலி. அவை செய்வது நல்ல பணி. ஆயினும் 1880க்கும் 1920க்கும் இடையே அமெரிக்காவுக்குக் கப்பலேறிய 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்களில் பெரும்பாலோர் தென்னிலத்து உழவர்கள், கூலிகள், சிறு கைவினைஞர்கள். அவர்கள் தங்களோடு கொண்டு வந்தது அந்த இத்தாலியை அன்று. அவரவர் ஊரின் புனிதரை, அவரவர் ஊரின் பேச்சை, அவரவர் ஊரின் விழாவை. இத்தாலி ஒரே அரசாக இணைந்தது 1861இல்தான். அதற்கு இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் புறப்பட்ட ஓர் உழவருக்கு, நீ யார் என்ற கேள்விக்கு விடை ‘இத்தாலியன்’ என்பதைவிட ‘நோலாக்காரன்’ என்பதாகவே இருந்திருக்கும். தன் ஊர் ஆலய மணிக்கோபுரத்தின் மீது ஒருவர் வைக்கும் பற்றுக்கு அம்மொழியில் ‘காம்பனிலிஸ்மோ’ என்று தனிச்சொல்லே இருக்கிறது. ஒரு சிற்றூரின் இப்படிப்பட்ட பற்று எப்படிக் கடல் கடந்தது, கடந்த பிறகு எதை இழந்தது, எதனால் 120 ஆண்டுகளுக்கு மேலாக உயிரோடு இருக்கிறது என்பதை இந்த ஒரு திருவிழாவை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோலாவில் இருந்தது என்ன

நோலா, நேப்பிள்ஸ் நகரத்துக்குக் கிழக்கே, வெசூவியஸ் மலைக்கு அப்பால், காம்பானியா சமவெளியில் உள்ள பழைய ஊர். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 14இல் உயிர் நீத்தது இங்கேதான். மெய்யியலாளர் ஜோர்தானோ புரூனோ 1548இல் பிறந்ததும் இங்கேதான். ஆனால் ஊராருக்கு இவர்கள் இருவரையும்விட நெருக்கமானவர் புனித பவுலினுஸ். இன்றைய பிரான்சின் போர்தோ நகரத்தில் 354ஆம் ஆண்டளவில் பெரும் செல்வக் குடும்பத்தில் பிறந்து, காம்பானியாவின் ஆளுநராக இருந்து, பிறகு மனைவி தெராசியாவோடு சேர்ந்து சொத்துகளைத் துறந்து, நோலாவுக்கு அருகில் புனித பெலிக்ஸின் கல்லறையை அடுத்துக் குடியேறியவர் அவர். பின்னர் அவ்வூரின் ஆயராகி (பிஷப்), 431ஆம் ஆண்டு ஜூன் 22 அன்று இறந்தார். அக்காலத் திருச்சபை அறிஞர்களான ஜெரோமோடும் அகுஸ்தீனோடும் கடிதத் தொடர்பு கொண்டிருந்த கவிஞர். ஆலய மணியை முதன்முதலில் வழிபாட்டுக்குக் கொண்டுவந்தவர் அவரே என்றும் ஒரு மரபு சொல்கிறது. அதற்குச் சான்று இல்லை. என்றாலும் மணிக்கோபுரத்தின் மீது பற்றுக் கொண்ட மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான புனிதர் வாய்க்க முடியாது.

விழாவுக்கு வேராக இருக்கும் கதையைத் திருத்தந்தை (போப்) முதலாம் கிரகோரி ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பதிவு செய்தார். வாண்டல்கள் என்னும் ஜெர்மானிய இனத்தார் நோலா மக்களைச் சிறைபிடித்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு செல்கிறார்கள். ஓர் ஏழைக் கைம்பெண் தன் மகனை மீட்கப் பணம் கேட்டு ஆயரிடம் வருகிறாள். இருந்ததையெல்லாம் முன்பே கொடுத்துவிட்ட பவுலினுஸ், அந்த மகனுக்கு ஈடாகத் தம்மையே அடிமையாகக் கொடுத்து, வாண்டல் அரசனின் மருமகனிடம் தோட்டக்காரராக வேலை செய்கிறார். கடைசியில் அவர் யார் என்பது தெரியவர, நோலாவிலிருந்து கொண்டு வரப்பட்ட அடிமைகள் அனைவரோடும், தானியம் ஏற்றிய கப்பல்களோடும் ஊர் திரும்புகிறார். கரையில் மக்கள் லில்லி மலர்களை ஏந்தி அவரை வரவேற்றார்கள் என்பது நோலாவின் வாய்மொழி மரபு சேர்த்த பகுதி.

வரலாற்றோடு இக்கதை பொருந்தாது. பவுலினுஸ் வாழ்ந்த காலத்தில் காம்பானியாவைச் சூறையாடியவர்கள் வாண்டல்கள் அல்லர், கோத்துகள் என்னும் வேறொரு ஜெர்மானிய இனத்தார். ரோமை 410இல் கொள்ளையிட்டபின் தெற்கே இறங்கிய அவர்களிடம் பவுலினுஸ் சிறைப்பட்டதை அகுஸ்தீன் குறிப்பிடுகிறார்: பொன்னுக்காகவும் வெள்ளிக்காகவும் என்னை வதைக்க விடாதேயும், என் உடைமை எங்கே இருக்கிறது என்பது உமக்குத் தெரியுமே என்று அவர் கடவுளிடம் வேண்டினாராம். செல்வத்தை ஏழைகளிடம் சேர்த்துவிட்டவரின் வேண்டுதல் அது. கதை எழுந்த நிலம் இதுவே என்று நான் கருதுகிறேன். நடந்தது வேறாக இருந்தாலும், ஊர் தன் ஆயரைப் பற்றி நினைவில் வைத்துக்கொள்ள விரும்பிய குணம் இரண்டிலும் ஒன்றுதான்.

கையில் ஏந்திய மலர் கோபுரமானது படிப்படியாக நிகழ்ந்தது. நோலாவைச் சேர்ந்த அறிஞர் அம்புரோஜியோ லியோனே 1514இல் வெனிஸில் அச்சான தம் நூலில், தொழிற்குழுக்கள் தூக்கிச் சென்ற பெரிய மெழுகுவர்த்தித் தூண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இத்தூண்கள் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு உயர்ந்து, இன்று 25 மீட்டர் உயரமுள்ள மரச்சட்டங்களாக, காகிதக்கூழில் வார்த்த சிற்பங்களால் மூடப்பட்டு நிற்கின்றன. மொத்தம் எட்டு. தோட்டக்காரர், உப்பிட்ட இறைச்சி விற்பவர், மதுக்கடைக்காரர், ரொட்டி சுடுபவர், கசாப்புக்காரர், செருப்புத் தைப்பவர், கொல்லர், தையற்காரர் என்று ஒவ்வொன்றும் ஒரு தொழிலின் பெயரைத் தாங்கியது. பவுலினுஸ் அடிமையாகச் செய்த வேலை தோட்ட வேலை என்பதால், பவனியில் முதலில் வருவதும் தோட்டக்காரரின் ஜீலியோதான். நான்கு கோபுரங்களுக்குப் பின், நடுவில், அவர் திரும்பி வந்த கப்பலைக் குறிக்கும் படகு வரும். ஜூன் 22க்குப் பின்வரும் ஞாயிறன்று காலையில் பேராலயச் சதுக்கத்தில் ஆயரின் ஆசி பெற்றபின், கோபுரங்கள் ஊரின் குறுகிய தெருக்களில் புகுந்து மறுநாள் காலை வரையிலும் ஆடி வருகின்றன.

தூக்குபவர்களின் அணிக்குப் ‘பரான்சா’ என்று பெயர். தூக்குபவர் ‘குல்லாத்தோரே’. தொட்டிலாட்டுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த சொல் அது. இரண்டரை டன் எடையைத் தோளில் வைத்துக்கொண்டு செய்வதைத் தொட்டிலாட்டுவது என்று சொல்லும் ஊரின் மொழியுணர்வு வியக்கத்தக்கது. அடித்தளத்தின் ஊடே செருகப்படும் தூக்குக் கழிகளை ‘வார்ரே’ என்கிறார்கள். நம்மிடம் பல்லக்கையும் சுமையையும் தூக்கும் நெடுங்கழிக்கு வாரை என்ற பெயர் இருப்பதை நினைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் தொடர்பு இல்லை, ஒலி ஒற்றுமை மட்டுமே. ஆனால் தமிழில் எழுதுகிறவருக்கு அது வசதியாக அமைகிறது. இனி இக்கட்டுரையில் வாரை என்றே சொல்கிறேன்.

கடலுக்கு அப்பால்

1880களில் நோலாவைச் சேர்ந்தவர்கள் வில்லியம்ஸ்பர்க்கில் குடியேறத் தொடங்கினார்கள். கார்மேல் அன்னைப் பங்கு, அதாவது அந்த ஆலயத்தைச் சேர்ந்த இறைமக்கள் சமூகம், 1887இல் அமைந்தது. அக்காலத்தில் அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமை பெரும்பாலும் ஐரிஷ் மரபினரிடம் இருந்தது. தெருவில் சிலையைச் சுமந்து, வெடி வெடித்து, சிலையின் மீது பணத்தாளைக் குத்தி வழிபடும் தென் இத்தாலியர்களை அவர்கள் சங்கடத்தோடே பார்த்தார்கள். நகரத்தின் வேறு சில ஆலயங்களில் இத்தாலியர்களுக்குக் கீழ்த்தள அறையிலேயே திருப்பலி நடந்தது. இப்படிப்பட்ட சூழலில் ஒரு தெருவின் நடுவே 70 அடிக் கோபுரத்தை நிறுத்துவது பக்தி மட்டுமல்ல, இருப்பை நிலைநாட்டும் செயலும் ஆகும். 1903இல் வில்லியம்ஸ்பர்க்கில் முதல் ஜீலியோ எழுந்தது. அதை எடுத்தது பங்கு ஆலயம் அன்று. புனித பவுலினுஸின் பெயரால் அமைந்த, ஊரார் சங்கம். நோயுற்றால் உதவித்தொகை, இறந்தால் அடக்கச் செலவு என்று உறுப்பினர்களைத் தாங்கிய இத்தகைய சங்கங்கள் அக்காலத்துக் குடியேறிகளிடையே ஏராளமாக இருந்தன.

கடல் கடந்தபோது குறைந்தவை என்ன என்று பார்க்க வேண்டும். எட்டுக் கோபுரங்கள் ஒன்றாயின. தொழிற்குழுக்களுக்கிடையே இருந்த போட்டி மறைந்தது. ஏனென்றால் புரூக்ளினில் தோட்டக்காரரும் கொல்லரும் தத்தம் குழுவாக வரவில்லை. எல்லோரும் கூலி வேலைக்கு வந்தவர்களாக ஒரே தெருவில் கலந்து வாழ்ந்தார்கள். ஒன்றோடொன்று மோதிய எட்டுப் பெருமைகளுக்குப் பதிலாக ஒரே பெருமை இருந்தது. ஆனால் படகு மட்டும் விடப்படவில்லை. கதையைச் சொல்ல அது இன்றியமையாதது. கோபுரம் ஒன்றே மிஞ்சியதால், படகுக்கும் அதற்கும் இடையிலான உறவு நோலாவில் இருப்பதைவிடப் புரூக்ளினில் கூர்மையானது என்று சொல்லலாம். இங்கே கோபுரம் ஒரு திசையிலிருந்தும் படகு மற்றொரு திசையிலிருந்தும் தனித்தனி அணிகளின் தோளில் வந்து, ஆலய முனையில் சந்திக்கின்றன. புனிதர் கரை சேர்வதும் ஊர் அவரை எதிர்கொள்வதும் அந்தச் சந்திப்பில் கண்முன் நிகழ்கின்றன. எட்டுக் கோபுரங்களின் பவனியில் கதை வரிசையாக நீண்டு செல்கிறது. ஒரு கோபுரத்தின் விழாவில் அது ஒரு முனையில் குவிகிறது. இழப்பு ஒன்று இப்படி ஒரு புதிய நாடகத்தைத் தந்தது.

படகில் ‘துருக்கர்’ ஒருவர் நிற்பார். தலைப்பாகையும் சுல்தான் உடையும் அணிந்த அவர், புரூக்ளினில் சொல்லப்படும் கதையின்படி, பவுலினுஸின் தன்னிழப்பைக் கண்டு மனம் நெகிழ்ந்து அவரை விடுவிக்க உதவியவர். ஐந்தாம் நூற்றாண்டில் துருக்க சுல்தான் எங்கிருந்து வந்தார்? பின்னாளில், உதுமானியர் காலத்தில், தென் இத்தாலியக் கடற்கரை ஊர்கள் கடற்கொள்ளைக்கும் ஆள்கடத்தலுக்கும் அஞ்சி வாழ்ந்த நூற்றாண்டுகளின் நினைவு, பழைய வாண்டல்களின் மீது போர்த்தப்பட்டிருக்கிறது. அயலாரைக் குறிக்கும் இந்த வேடத்தை இன்றைய பார்வையாளர் சிலர் கூச்சத்தோடு நோக்கலாம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கதைக்குள் அவர் வில்லன் அல்லர், இரக்கம் கொண்டவர். துருக்கராக நிற்பது பங்கில் ஒருவருக்குக் கிடைக்கும் பெருமதிப்பு என்பதையும் சேர்த்தே இதை எடை போட வேண்டும்.

சாலை வந்த ஆண்டுகள்

இந்த விழாவின் வரலாற்றில் மிகக் கடினமான கட்டம் 1940களின் பிற்பகுதி. நியூயார்க்கின் பெரும் கட்டுமானப் பணிகளை வகுத்த அதிகாரி ராபர்ட் மோசஸ் திட்டமிட்ட புரூக்ளின்–குவீன்ஸ் விரைவுச்சாலை வில்லியம்ஸ்பர்க்கின் ஊடே கிழித்துக்கொண்டு வந்தது. வீடுகள் இடிபட்டன. பழைய கார்மேல் அன்னை ஆலயமும் இடிபட்டது. புதிய ஆலயம் இன்றுள்ள முனையில் எழுந்தது. இடிபட்ட தெருக்களில் இருந்தவர்கள் அனைவரும் அருகிலேயே வீடு தேடிக்கொள்ளவில்லை. போருக்குப் பின் வசதி பெருகிய குடும்பங்கள் குவீன்ஸுக்கும் லாங் ஐலண்டுக்கும் நியூ ஜெர்சிக்கும் நகர்ந்தன. 1924ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இத்தாலியிலிருந்து புதியவர்கள் வருவதை ஏற்கெனவே பெரிதும் குறைத்துவிட்டிருந்தது. பழையவர்கள் போகிறார்கள், புதியவர்கள் வரவில்லை. இந்த நிலையில் ஊரார் சங்கம் ஒன்றால் தனித்து விழாவைத் தாங்க முடியாது.

1950களில் பங்கு விழாவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஜூனில் தனியே நடந்த பவுலினுஸ் விழா, ஜூலையின் கார்மேல் அன்னை விழாவோடு இணைக்கப்பட்டது. வழிபாட்டு நாள்காட்டியின்படி பார்த்தால் இது பிழை. ஜூன் 22க்கு உரிய புனிதர் ஜூலை நடுவில் ஆடுகிறார். ஆனால் இந்தப் பிழையே விழாவைக் காப்பாற்றியது என்பது என் முடிவு. இரண்டு சிறிய விழாக்கள் தனித்தனியே தேய்வதற்குப் பதிலாக, ஒரு பெரிய விழாவாக ஒன்று சேர்ந்தன. அதன் வருவாய் பங்கின் ஆண்டுச் செலவைத் தாங்கத் தொடங்கியது. விழா நின்றால் ஆலயம் தள்ளாடும், ஆலயம் மூடினால் விழாவுக்கு வாசல் இல்லை என்ற பிணைப்பு உண்டாயிற்று. பண்பாட்டைக் காப்பது என்பது பெரும்பாலும் இப்படி வரவு செலவுக் கணக்கில்தான் தீர்மானமாகிறது. அதைச் சொல்வதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க அருகிலேயே இன்னொரு ஜீலியோ உண்டு. நோலாவுக்குப் பக்கத்து ஊரான புருஷானோவிலிருந்து வந்தவர்கள், மன்ஹாட்டனின் கிழக்கு ஹார்லெமில் புனித அந்தோனியாரின் பெயரால் தங்கள் ஜீலியோவை ஆடினார்கள். 1970களின் தொடக்கத்தில் அது நின்றுபோனது. குடும்பங்கள் சிதறியிருந்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, வெளியேறிச் சென்றவர்களின் மக்களே திரும்பி வந்து பிளெசன்ட் அவென்யூவில் அதை மீட்டெடுத்தார்கள். இப்போது ஆகஸ்டில் நடக்கிறது. விட்டுப்போன விழாவும் மீளக்கூடும் என்பதற்கு அது நம்பிக்கை தரும் சான்று. ஆனால் ஒரு தலைமுறைக் காலம் தோள்கள் வெறுமையாக இருந்தன என்பதையும் மறக்க முடியாது.

தூக்கும் வேலை

இவ்விழாவை உயிரோடு வைத்திருப்பது அதன் எடை. இது என் ஆய்வின் மையக் கருத்து என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கோபுரத்தின் அடித்தளத்தில் வாரைகள் நீளவாக்கிலும் குறுக்கிலும் செருகப்பட்டிருக்கும். ஒரே வாரைக்கு அடியில் நிற்பவர்களின் தோள்கள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். உயரம் குறைந்தவர் நின்றால் அவர் தோளுக்கு எடை ஏறாது; அவருடைய பங்கு அடுத்தவரின் எலும்பில் இறங்கும். ஆகவே அணியை அடுக்குவதே ஒரு கலை. அணிக்கு வெளியே, கோபுரத்தை நோக்கியபடி, கையில் கோலோடு ‘காப்போ’ என்னும் தலைவர் நிற்பார். தூக்குபவர்களுக்குத் தலைக்கு மேல் கோபுரம். முன்னால் நிற்பவரின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது. கோபுரம் சாய்கிறதா, தெருவோரக் கம்பியைத் தொடுமா, எத்தனை அடி முன்னே போகலாம் என்பதெல்லாம் காப்போவின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். அவர் கோலை உயர்த்துவதும் இசைக்குழு எடுப்பதும் நூறு முழங்கால்கள் நிமிர்வதும் ஒரே தொடுப்பாக நடந்தால் கோபுரம் நேரே எழும். ஒரு பக்கம் முந்தினால் உச்சியில் அந்தச் சாய்வு பல மடங்காகும். எழுவதைவிட இறங்குவது கடினம். மெல்ல இறக்கினால் யாருடைய தோளாவது தனியே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் கட்டளை வந்ததும் எல்லோரும் ஒரே கணத்தில் விடுகிறார்கள்.

இசை இங்கே அலங்காரத்துக்கு இல்லை. குழு கோபுரத்தின் மீதே நிற்பதற்குக் காரணம், தாளம் மேலிருந்து நேராகத் தோளுக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான். பாடலின் எந்த அடியில் அடியெடுத்து வைப்பது, எந்த அடியில் குலுக்குவது என்பது அணிக்கு உடலில் பதிந்திருக்கிறது. திருவிழாவின் முதன்மைப் பாடல் நோலாவிலிருந்து வந்ததில்லை. புரூக்ளினில் வாழ்ந்தவர்களே நேப்பிள்ஸ் வட்டார வழக்கில் இயற்றியது. புலம்பெயர்ந்த மண்ணில் பழைய மொழியில் புதிய பாடல் பிறந்தது என்பது, பாதுகாத்தலுக்கும் படைத்தலுக்கும் இடையே நாம் போடும் கோடு எவ்வளவு மெல்லியது என்பதைக் காட்டுகிறது.

படிநிலையும் இந்த வேலையிலிருந்தே முளைக்கிறது. முதலில் தூக்குபவர், பிறகு பயிற்சி நிலை, அதன்பின் துணைத் தலைவர், அதற்கும் மேலே காப்போ, உச்சியில் அணி முழுவதற்கும் முதல் காப்போ. பணத்தைக் கொடுத்து இந்தப் படிகளைத் தாண்ட முடியாது. ஒருவர் உச்சிக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். லாங் ஐலண்டில் வீடும் அலுவலகத்தில் நல்ல பதவியும் உள்ள ஒருவர், ஜூலையின் வெயிலில் தாத்தா வாழ்ந்த தெருவுக்குத் திரும்பி வந்து வாரைக்கு அடியில் நிற்பதற்கு ஏக்கம் மட்டும் போதாது. அவருக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் அவர் இல்லையென்றால் இன்னொருவரின் தோள் கூடுதலாகச் சுமக்கும். வராத ஆண்டுகள் அவருடைய படியையும் பின்தள்ளும். கண்காட்சிக்கு வராமல் இருந்துவிடலாம், யாருக்கும் வலிக்காது. ஜீலியோவுக்கு வராமல் இருந்தால் வலிக்கும். நோலாவில் நெடுநாள் தூக்கியவர்களின் தோளில் திமில் போலக் காய்ப்பு எழும்பியிருக்கும். அதை அவர்கள் மறைப்பதில்லை.

தோளுக்கு வெளியேயும் வேலை நிறைய உண்டு. ஆண்டுதோறும் உலோகச் சட்டத்தை நிறுத்துவது, காகிதக்கூழ் உருவங்களுக்குச் சாயம் புதுப்பிப்பது, நன்கொடை திரட்டுவது, விழாவுக்கு முன் ஆசி பெற்ற ரொட்டியோடு வீடு வீடாகப் பவனி போவது, மாவு பிசைந்து ‘சேப்போலே’ என்னும் பணியாரத்தைப் பொரித்துச் சர்க்கரை தூவி விற்பது. பெரிய கோபுரத்தின் கீழே நிற்பது மரபாக ஆண்களே. பெண்களின் உழைப்பு சமையலிலும் நிதியிலும் வழிபாட்டிலும் பரவிக் கிடக்கிறது. அது இல்லாமல் விழா ஒரு நாளும் நடக்காது. ஆனால் கோலும் படிநிலையும் அவர்கள் கைக்கு வரவில்லை. இக்குறையைச் சொல்லாமல் இவ்விழாவைப் புகழ்ந்தால் அது நேர்மையாகாது. தோள் வலிமையை அளவுகோலாகக் கொண்ட விழா, அந்த அளவுகோலாலேயே பாதிப்பேரை ஓரத்தில் நிறுத்துகிறது.

பார்க்க வருபவர்கள்

வில்லியம்ஸ்பர்க் இன்று வேறு ஊர். அதன் ஆற்றோரத்தில் இயங்கிய டோமினோ சர்க்கரை ஆலை 2004இல் மூடியது. மறு ஆண்டே ஆற்றோர நிலங்களுக்கான கட்டட விதிகள் மாற்றப்பட்டு, தொழிற்கூடங்கள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்தன. வாடகை உயர்ந்தது. புதிதாகக் குடிவந்த இளைஞர்கள் தங்கள் வீட்டுச் சாளரத்துக்கு வெளியே ஒரு கோபுரம் ஆடிச் செல்வதைக் காண்கிறார்கள். கையில் கைப்பேசியோடு அவர்கள் இறங்கி வருகிறார்கள். விழா யாருக்காக என்ற கேள்வி இங்கேதான் உண்மையில் எழுகிறது.

மன்ஹாட்டனின் மல்பெரி தெருவில் 1926 முதல் நடக்கும் சான் ஜென்னாரோ விழாவை இதற்கு எதிரே வைத்துப் பார்க்கலாம். செப்டம்பரில் 11 நாள்கள், 19ஆம் தேதி புனிதரின் பவனி, வரிசையாகக் கடைகள், பெருங்கூட்டம். வந்தவர் உண்டு, வாங்கி, வேடிக்கை பார்த்து, மனம் நிறைந்து திரும்புகிறார். இத்தாலியரல்லாத லட்சக்கணக்கானோருக்கு இத்தாலியச் சுவையை அறிமுகம் செய்த பெருமை அவ்விழாவுக்கு உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி, பார்வையாளர் இல்லாமல் போனால் அன்றே பொருளிழந்துவிடும். ஜீலியோ அப்படி இல்லை. தெருவில் ஒருவர்கூட வேடிக்கை பார்க்காவிட்டாலும் தூக்குபவர்களுக்கு நேர்ந்துகொண்ட வேண்டுதல் இருக்கிறது. இறந்த தந்தையின் பெயருக்காகத் தூக்கும் ஒரு தூக்கு இருக்கிறது. ஏற வேண்டிய படி இருக்கிறது. பார்வையாளர் வருவது கூடுதல் மகிழ்ச்சி. அவர்கள் இல்லாமலும் நடக்கக்கூடிய விழா என்பதனாலேயே அவர்கள் அதை இவ்வளவு வியப்போடு பார்க்கிறார்கள் என்பது என் கணிப்பு.

பார்க்க வருபவர் பங்கேற்பவராக மாறுவதும் உண்டு. திருமண உறவாலும் நட்பாலும் பிற இனத்தவர்கள் வாரைக்கு அடியில் இடம் பெறுகிறார்கள். நியூயார்க்கின் கார்மேல் அன்னை விழாக்களுக்கு ஹெய்ட்டி நாட்டவர்கள் பக்தியோடு வருகிறார்கள். அவர்கள் நாட்டின் சோ டோ அருவியிலும் ஜூலை 16 பெருவிழா நாள்தான். அவர்கள் இத்தாலியப் பண்பாட்டைக் காண வருவதில்லை. தங்கள் அன்னையைக் காண வருகிறார்கள். ‘அயல்நாட்டுப் பார்வையாளர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடுக்குமாடி இளைஞரையும் ஹெய்ட்டிப் பக்தரையும் அடக்கிவிட முடியாது.

2013 டிசம்பரில் யுனெஸ்கோ நோலாவின் ஜீலியோவை, விட்டெர்போ, பால்மி, சாசாரி ஊர்களின் தோள்சுமைப் பெருவிழாக்களோடு சேர்த்து மானுடத்தின் பண்பாட்டு மரபுச்செல்வமாக ஏற்றது. பட்டியலில் உள்ளது இத்தாலியின் நான்கு ஊர்கள். புரூக்ளின் அதில் இல்லை. நாடு என்ற எல்லைக்குள் பட்டியல் போடும் முறைக்கு இது இயல்பானதே. ஆனால் மரபு வாழும் இடத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், 1903 முதல் ஹேவ்மேயர் தெருவில் காய்த்த தோள்களையும் அதே வரியில் எழுதியிருக்க வேண்டும். அங்கே மொழி தேய்ந்துவிட்டது. மூன்றாம், நான்காம் தலைமுறையினர் வீட்டில் பேசுவது ஆங்கிலம். தரமான இத்தாலிய மொழி அவர்கள் பாட்டன்மாருக்கே வேற்றுமொழியாக இருந்தது. மிஞ்சியிருப்பவை காப்போ, பரான்சா போன்ற சில சொற்களும், நேப்பிள்ஸ் வழக்கில் வரும் கட்டளைகளும், ஒரு பாடலும். ஒரு மொழி முழுவதும் போனபின், உடலை இயக்கும் சொற்கள் மட்டும் ஏன் தங்கின என்பதற்கு விடை கோபுரத்தின் எடையிலேயே இருக்கிறது. அந்தச் சொற்கள் தவறினால் யாராவது காயப்படுவார்கள்.

2020இல் பெருந்தொற்றின் காரணமாக நோலாவிலும் புரூக்ளினிலும் கோபுரங்கள் எழவில்லை. நூறு பேர் தோளோடு தோள் உரச நிற்பதைத் தவிர வேறு வழியில் செய்ய முடியாத ஒரு செயலுக்கு அதுவே மிகக் கொடிய தடை. இசையைப் பதிவிலிருந்து கேட்கலாம், திருப்பலியைத் திரையில் காணலாம். தூக்குவதைத் தொலைவிலிருந்து செய்ய வழியில்லை. பிறகு இரண்டு ஊர்களிலும் விழா மீண்டது.

பெரிய கோபுரத்தோடு சிறுவர்களுக்கென்று சிறிய ஜீலியோ ஒன்றும் புரூக்ளினில் உண்டு. அதற்கும் வாரைகள் உண்டு; அணி உண்டு; கட்டளை உண்டு. உயரம் பார்த்து நிறுத்துவது அங்கேயும் விதி. எந்த வாரைக்கு யார் என்று இந்த ஜூலையில் சரியாக அடுக்கி வைத்த அணி அடுத்த ஜூலையில் பொருந்தாது. பையன்கள் வளர்ந்திருப்பார்கள், ஒவ்வொருவனையும் மறுபடி அளந்து, வேறு இடம் பார்த்து நிறுத்த வேண்டும்.